ஜீவாமிர்தம் மட்டும் போதுமா? மண்வளம் பற்றிக் கேள்வி பதில்

இயற்கை விவசாயத்துக்கு மாறியவர்களும் மாற நினைப்பவர்களும் கேட்டவை இவை. பல கேள்விகளுக்கு அடியில் இருப்பது ஒரே சிக்கல்தான். யூரியா மூட்டை இருந்த இடத்தில் கரைசல் டிரம்மை வைத்துவிட்டு, மண்ணை மறந்துவிடுகிறோம்.

கேள்வி (மன்னார்குடி, நெல்): ஐயா, மாதம் இரண்டு முறை பாசனத் தண்ணீரோடு ஜீவாமிர்தம் விடுகிறேன். வேறு எதுவும் போடவில்லை. பயிர் வெளுத்தே நிற்கிறது. ஏன்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜீவாமிர்தம் என்பது 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு கலந்து ஊறவைத்த கரைசல். ஒரு ஏக்கர் நெல்லுக்கு வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) இதில் எங்கே இருக்கிறது? ஜீவாமிர்தம் நுண்ணுயிர்களைத் தட்டி எழுப்பும். எழுந்தவற்றுக்குத் தின்ன இலைதழை வேண்டாமா?

அடுத்த போகத்துக்கு முன் கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள்; பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரச்செடி இது. ஒரு மாதம் போனதும் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. 45 நாள் வாக்கில், பூ எடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். விட்டால் தண்டு முற்றிப்போகும், மட்க நாளாகும். உழுத பிறகு ஒரு வாரம், பத்து நாள் கழித்து நடவு.

இப்போது நிற்கும் பயிருக்குப் பிண்ணாக்குக் கரைசல் கொடுங்கள். நடவு வயலில் தண்ணீரில் மிதந்து தழைச்சத்து தரும் அசோலா விட்டிருந்தால் இவ்வளவு வெளுத்திருக்காது.

கேள்வி (பல்லடம்): மண் பரிசோதனையில் கரிமச்சத்து 0.3 சதவீதம் என்று வந்திருக்கிறது. மோசமா அண்ணா?

பதில்: குறைவுதான் தம்பி. மட்கிய பொருட்களிலிருந்து மண்ணில் சேரும் கார்பன்தான் கரிமச்சத்து. 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் நல்லது என்பதுதான் கணக்கு. ஆனால் எண்ணைவிடக் கண்ணால் பார்ப்பது நன்றாக மனதில் பதியும். வயலிலிருந்து நெல்லிக்காய் அளவு மண்கட்டி ஒன்று எடுங்கள். பல வருடமாக உழாத வேலியோர மரத்தடியிலிருந்தும் ஒன்று. இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவைத்து, தண்ணீர் ஊற்றிய இரண்டு கண்ணாடி டம்ளரில் மெதுவாக விடுங்கள். மரத்தடிக் கட்டி பெரும்பாலும் உருக்குலையாமல் உட்கார்ந்திருக்கும். வயல் கட்டி சில நிமிடத்தில் கரைந்து தண்ணீரே கலங்கிவிடும். மழையில் உங்கள் காட்டில் நடப்பதும் இதுதான். கரைந்த நுண்மண் துளைகளை அடைத்துக்கொள்ளும், மேலே ஓடு கட்டும், தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். மண் துகள்களைப் பிடித்து ஒட்டவைப்பது மட்கிய குப்பையும், வேரும் பூஞ்சை இழைகளும் விடும் பசையும்தான்.

நம் வெயிலுக்குக் கரிமச்சத்து சீக்கிரம் எரிந்துபோகும். ஒவ்வொரு உழவும் அதை இன்னும் வேகப்படுத்தும். அதனால் ஒரு போகத்தில் ஏறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உழவைக் குறைத்து, மண்ணை மூடாக்கில், அதாவது இலைதழை, வைக்கோலால் மூடி வைத்திருங்கள்.

கேள்வி (மோகனூர்): எரிக்காமல் வைக்கோலை மடக்கி உழுதேன். அடுத்த பயிர் மஞ்சளாகிவிட்டதே?

பதில்: எரிக்காமல் விட்டது ரொம்ப நல்ல காரியம். வைக்கோலில் கரிமச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணிலிருந்த தழைச்சத்தை எடுத்துக்கொண்டன. மட்கியதும் திருப்பிக் கொடுத்துவிடும், ஆனால் பயிர் அதுவரை காத்திருக்காதே! இனி மேலே மூடாக்காகப் பரப்புங்கள், அல்லது சாணத்தோடு அடுக்கி மட்கவைத்துப் போடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்து எங்கள் நெல் விளைச்சல் விழுந்ததை நேரில் கண்டோம். சேதனப் பசளையை (இயற்கை உரத்தை) எப்படி நம்புவது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. தொழுவுரம், பசுந்தாள் விதை, பயிற்சி என்று எதையும் போதுமான அளவு தயார் செய்யாமல் நாடு முழுவதும் ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்த வருட நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டி வந்தது. இந்தியாவின் சிக்கிம் மாநிலமோ அவசரப்படவில்லை: 2003இல் தொடங்கியது, முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது 2016இல். ரசாயனத்துக்குப் பழகிய மண்ணில் முதல் சில போகங்களில் விளைச்சல் குறையத்தான் செய்யும். அதை மறைத்துப் பேசுகிறவர்கள் விவசாயிக்கு நல்லது செய்யவில்லை. வயலில் ஒரு பகுதியை மட்டும் முதலில் மாற்றுங்கள். அந்த மண் தேறியதும் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி, தென்னை): பச்சைச் சாணத்தை அப்படியே மரத்தடியில் கொட்டலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. சூடு, களை விதை ஒரு பக்கம் இருக்கட்டும். தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு சாணக் குவியலில்தான் முட்டையிடும். நன்றாக மட்கவைத்து, புழு இருக்கிறதா என்று கிளறிப் பார்த்து எடுத்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி (திண்டிவனம்): மண்புழு வாங்கி வயலில் விடலாமா?

பதில்: உரத் தொட்டிப் புழு குப்பையில் வாழ்கிற இனம், வெறும் மண்ணில் தங்காது. மூடாக்கும் ஈரமும் இருந்தால் நம் நாட்டுப் புழு தானே வரும். அந்தப் பணத்துக்குத் தக்கைப்பூண்டு விதை வாங்குங்கள்.

கேள்வி (தேனி): இயற்கை விளைபொருள் என்று சான்று வாங்க எத்தனை வருடம் ஆகும்?

பதில்: ஏற்றுமதிக்கும் செல்லும் சான்று என்றால், ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 வருட மாறுதல் காலம் (ரசாயனம் தொடாமல் இருக்க வேண்டிய காலம்), பல்லாண்டுப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் 3 வருடம். உள்ளூரில் விற்க மட்டும் என்றால், குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்த்துத் தரும் பங்கேற்பு உத்தரவாதச் சான்று (PGS) வாங்கலாம், செலவும் குறைவு. எதுவானாலும் என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று இன்றிலிருந்தே நோட்டில் எழுதிவையுங்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.