சவாரி பூட்ஸின் குதிகால்

கேள்வி: என் மகள் குதிரைச் சவாரி பழகத் தொடங்கியிருக்கிறாள். பள்ளிக்கு அணியும் கேன்வாஸ் ஷூ போதாதா? சவாரிக்கென்று தனி பூட்ஸ் எப்படி வந்தது, காலப்போக்கில் எப்படி மாறியது?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: கேன்வாஸ் ஷூவோடு மகளைக் குதிரையில் ஏற்ற வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சவாரியில் கீழே விழுவதைவிட அஞ்ச வேண்டியது, விழும்போது கால் அங்கவடிக்குள் (சேணத்தின் இருபுறமும் தொங்கும், பாதம் வைக்கும் வளையம்) சிக்கிக்கொண்டு, மிரண்டு ஓடும் குதிரையோடு தரையில் இழுபட்டுப் போவதுதான். தட்டையான அடி கொண்ட ஷூ அங்கவடிக்குள் கணுக்கால்வரை நழுவிப் போய்விடக்கூடும்; பூட்ஸின் குதிகாலோ அங்கவடியின் கம்பியில் முட்டி, பாதம் உள்ளே போகாமல் நிறுத்திவிடும். பூட்ஸில் கணுக்காலுக்கு மேல் உயர்ந்து காலை மூடும் தண்டுப் பகுதிக்கும் ஒரு வேலை உண்டு: அங்கவடியைத் தாங்கும் தோல் வார் கெண்டைக்காலைக் கிள்ளாமலும் உராய்ந்து புண்ணாக்காமலும் அது காக்கிறது.

நம் நாட்டில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு வீரர்கள் ஒரு கயிற்று வளையத்தில் கால் பெருவிரலை மட்டும் நுழைத்துச் சவாரி செய்தார்கள். சாஞ்சிச் சிற்பங்களில் அதைக் காணலாம். வெறுங்காலோடு ஏறுகிற வெப்பநாட்டு மக்களுக்கே அது பொருந்தும். பாதம் முழுவதையும் தாங்கும் இரட்டை அங்கவடி கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் சீனாவில் பரவி, பின்னர் அவார் என்னும் நாடோடிக் குதிரை வீரர்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. அங்கவடியில் எழுந்து நின்று அம்பெய்த பாரசீகக் குதிரை வீரர்கள், கால் நழுவாதிருக்க உயர்ந்த குதிகால் வைத்த காலணிகளை அணிந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குதிகால் ஐரோப்பியப் பிரபுக்களிடம் பரவியது. குதிரையே ஏறாதவர்களும் அதை அழகுக்காக அணியத் தொடங்கினார்கள்.

அதே நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரைப்படையினர் அணிந்த கனத்த பூட்ஸ் ஏறத்தாழ ஒரு கவசம். முழங்காலோடு முழங்கால் உரச நெருக்கமாக அணிவகுத்துப் பாயும்போது கால்கள் நசுங்கிவிடாதபடி, தடித்த தோலை மெழுகும் கீலும் ஏற்றி மரம்போல் இறுகச் செய்தார்கள். குதிரையிலிருந்து இறங்கிவிட்டால் அதை மாட்டிக்கொண்டு நடப்பதே பெரும்பாடு.

அடுத்த பெரிய மாற்றத்துக்குக் காரணமானவரின் பெயரைத் தாங்கிய வெலிங்டன் என்னும் ஊர் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் திப்பு சுல்தானுக்கு எதிராக நின்றவரும், 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவருமான வெலிங்டன் பிரபு, அக்காலத்தில் வழக்கிலிருந்த, குஞ்சம் தொங்கிய ஹெஸ்ஸியன் என்னும் உயரமான பூட்ஸை மாற்றித் தரும்படி லண்டனைச் சேர்ந்த ஹோபி என்னும் காலணிக் கலைஞரிடம் கேட்டார். குஞ்சம் போயிற்று, மென்மையான கன்றுத் தோல், காலோடு ஒட்டிய வடிவத்தில் வந்தது; அந்தப் பூட்ஸுக்கு ‘வெலிங்டன்’ என்றே பெயர் நிலைத்தது. 1850களில் ரப்பர் பூட்ஸ் தயாரிப்பு தொடங்கிய பின், அதே பெயர் வயல் சேற்றில் நடக்கும் ரப்பர் பூட்ஸுக்குப் போய்விட்டது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி அந்த ரப்பர் பூட்ஸைச் சவாரிக்கு வாங்கிவிடாதீர்கள். அதன் அடியில் உள்ள ஆழமான வரிப்பள்ளங்கள் அங்கவடியில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

காலோடு ஒட்டிய நீண்ட தோல் பூட்ஸை அணிவது தனிக் கலை. காலில் டால்க் பொடி தூவி, பூட்ஸின் உட்புறத்திலுள்ள இரண்டு துணி வளையங்களில் இரும்புக் கொக்கிகளை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். கழற்றுவதற்கோ, குதிகாலைப் பற்றிக்கொள்ளும் பிளவுபட்ட மரக்கட்டை ஒன்று தேவை. இந்தச் சிரமத்தைப் பின்புறம் வைத்த ஜிப் தீர்த்துவிட்டது. இதற்கிடையே, கணுக்காலைச் சுற்றி வார் மாட்டும் குட்டையான ஜோத்பூர் பூட்ஸும் 20ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவியது. ஜோத்பூரின் சர் பிரதாப் சிங் 1897இல் தம் போலோ அணியோடு இங்கிலாந்து சென்றபோது பெயர்பெற்ற சவாரிக் கால்சட்டையிலிருந்தே அதற்கு அந்தப் பெயர் வந்தது.

உங்கள் மகள் வளரும் பிள்ளை; விலை கூடிய நீண்ட பூட்ஸ் இப்போது தேவையில்லை. கணுக்கால் பூட்ஸும், கெண்டைக்காலைச் சுற்றி மாட்டும் தோலுறையும் போதும். அடி வழவழப்பாகவும், குதிகால் ஏறத்தாழ ஓர் அங்குல உயரத்திலும் இருக்கட்டும். வாங்கிய பின் அங்கவடியில் பாதத்தை வைத்துப் பாருங்கள். பூட்ஸின் இரு பக்கமும் சேர்த்து ஓர் அங்குல இடைவெளி இருந்தால், விழ நேர்ந்தாலும் கால் எளிதில் விடுபட்டுவிடும்.