முந்தும்போது மட்டும் வேக வரம்பைத் தாண்டலாமா?

கேள்வி: இருவழிச் சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தேன். பலகையில் 60 கிலோமீட்டர் என்று இருந்தது. முன்னால் ஒரு லாரி 50-இல் போனது. முந்துவதற்காக வலப்புறம் ஏறியதும் லாரிக்காரர் வேகத்தைக் கூட்டிவிட்டார். எதிரே பஸ் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தி எப்படியோ முந்திவிட்டேன். அப்போது என் வேகம் 82. கேமராவில் பதிவாகி, 1,000 ரூபாய்க்கு இ-சலான் வந்திருக்கிறது. முந்தும்போது வரம்பைத் தாண்ட அமெரிக்காவில் சட்டமே அனுமதிக்கிறது என்கிறார் என் மைத்துனர். வழக்காடலாமா?
- தென்காசி மாவட்ட வாசகர்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது அங்கே சில மாநிலங்களுக்குப் பொருந்தும். வாஷிங்டன் மாநிலத்தில், திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள சாலைகளில், மெதுவாகப் போகும் வண்டியைப் பாதுகாப்பாக முந்தி முடிக்கத் தேவையான வேகத்துக்கும் தூரத்துக்கும் மட்டும் வரம்பைத் தாண்டலாம். மின்னசோட்டா மாநிலத்தில் மணிக்கு 10 மைல் சலுகை முன்பு இருந்தது; 2023-இல் அதை நீக்கிவிட்டார்கள். இருந்தபோதும் அது வரம்பு 55 மைலோ அதற்கு மேலோ உள்ள இருவழிச் சாலைகளுக்குத்தான்.

நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. நிர்ணயித்த அதிகபட்ச வேகத்தை மீறி எவரும் ஓட்டக் கூடாது என்கிறது 112-ஆம் பிரிவு. முந்துகிறவருக்கு அதில் விலக்கு இல்லை. 183-ஆம் பிரிவின்படி கார்களுக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. உங்களுக்கு வந்திருப்பது குறைந்தபட்சத் தொகை. "சில விநாடிகள்தான் தாண்டினேன்" என்று மன்றாடினாலும் அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

உங்கள் மனத்தில் இருக்கும் நியாயம் எனக்குப் புரிகிறது. வேகமாக முந்தினால் எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் குறையும், அதுதானே பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். இரு வண்டிகளின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து லாரியைவிட 40 மீட்டர் கூடுதலாகக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி 50-இலும் நீங்கள் 60-இலும் போனால் அதற்கு 14 விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் 240 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 60-இல் வரும் பஸ்ஸும் 240 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, கண்ணுக்கெட்டிய சாலை ஏறக்குறைய அரை கிலோமீட்டர் காலியாக இருக்க வேண்டும். 82-இல் போனால் இருநூறு மீட்டருக்குள் முடிந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அது லாரி 50-லேயே போனால்தான். உங்கள் லாரி போகவில்லையே! அரை கிலோமீட்டர் காலியாகத் தெரியவில்லை என்றால் முந்தத் தொடங்கவே கூடாது என்பதுதான் இந்தக் கணக்குக்குச் சட்டம் எதிர்பார்க்கும் விடை. 50-இல் போகும் லாரியின் பின்னாலேயே பத்து கிலோமீட்டர் போனாலும், 60-இல் போவதைவிட உங்களுக்கு இரண்டு நிமிடம்தான் கூடுதலாகும். அந்த இரண்டு நிமிடத்துக்காக எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்களின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறோம்.

லாரிக்காரர் செய்தது பச்சைத் தவறு. தன்னை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. மீறினால் 177ஏ பிரிவில் 500 முதல் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் அவருடைய குற்றம் உங்கள் குற்றத்தை அழிக்காது. அவர் வேகம் எடுத்த கணமே பிரேக் போட்டு, லாரியின் பின்னால் திரும்பியிருக்க வேண்டும். பின்னால் வந்த வண்டி அந்த இடத்தை அடைத்துவிட்டது, திரும்ப வழியே இல்லை என்றால் மட்டும் பேச ஓர் இடம் உண்டு. பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்துடன் செய்தது குற்றமாகாது என்கிறது நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு. அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. காரில் கேமரா பதிவு இல்லாமல் அந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போக வேண்டாம்.

ஆயிரம் ரூபாயை விட எனக்குப் பெரிய கவலை வேறு. ஒரு சிராய்ப்பு ஏற்பட்டிருந்தாலும், சட்டத்துக்குப் புறம்பாக முந்தியதாக 184-ஆம் பிரிவை நீட்டியிருப்பார்கள். அதில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைக்கே வழி உண்டு. நீங்கள் அடிபட்டு இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயம் போனாலும், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி "என்ன வேகத்தில் வந்தீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். உங்கள் பங்கு அலட்சியம் 30 சதவீதம் என்று முடிவானால், பத்து லட்சம் ஏழு லட்சமாகிவிடும்.

இனி சலானுக்கு வருவோம். பணம் கட்டுமுன் வண்டி எண், இடம், நேரம், படத்தில் தெரியும் வேகம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட்டதா என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167ஏ அதைக் கேட்கிறது. கண்காணிப்புக் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ், அந்தப் பகுதிக்கு முன் எச்சரிக்கைப் பலகை ஆகியவையும் அந்த விதியில் உண்டு. இவற்றில் ஓட்டை இருந்தால் தாராளமாக எதிர்த்து நில்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கட்டிவிடுங்கள். இதே 183-ஆம் பிரிவில் இரண்டாவது முறை சிக்கினால் ஓட்டுநர் உரிமத்தையே பறிமுதல் செய்யலாம்.

உங்கள் காரில் கேமரா பதிவு இருந்து, லாரியின் பதிவெண் தெரிந்தால், பிரதி எடுத்துப் போக்குவரத்துக் காவல் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். புகாரில் உங்கள் வேகத்தை மறைக்காதீர்கள்.