15 வினாடி எண்ணி நாலால் பெருக்கலாமா?

கேள்வி: இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவி செய்பவர்) பயிற்சியில் இருக்கிறேன். நாடியையும் மூச்சையும் 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும் என்கிறார் சீனியர். என்னிடம் இருப்பது டிஜிட்டல் வாட்ச். அதைப் பார்த்துக்கொண்டே எண்ணினால் கணக்கு குழம்பிவிடுகிறது. வாட்சை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றிவிடுங்கள். வினாடி முள் உள்ள சாதாரண வாட்ச் போதும். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் கவனக்குறைவு இல்லை. மனதில் 22, 23 என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது கண்ணெதிரே 41, 42 என்று ஓடினால் யாருக்கும் குழம்பும். முள் என்றால் எண்ணைப் படிக்க வேண்டியதில்லை, அது எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். கறுப்பு முகப்பில் சிவப்பு முள் வேண்டாம், இரவில் வண்டிக்குள் தெரியாது.

முள் 12, 3, 6, 9 ஆகியவற்றில் ஒன்றைத் தொடும்போது தொடங்குங்கள். தொடங்கும் கணத்திலேயே ஒரு துடிப்பு விழுந்தால் அதை 'பூஜ்யம்' என்று வையுங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால், 80 இருக்க வேண்டிய நாடி 15 வினாடிக் கணக்கில் 84 என்று வரும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் மணிக்கட்டில் இருக்க வேண்டும். கட்டைவிரலை வைத்தால் உங்கள் துடிப்பையே எண்ணிவிடலாம்.

நாடி சீராக இருந்தால் 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அவசரத்தில் 15 வினாடியும் பரவாயில்லை. ஒரு துடிப்பு விட்டாலும் நாலுதான் குறையும், 80க்கும் 84க்கும் சிகிச்சை மாறாது. துடிப்பு விட்டு விட்டு வந்தால் மட்டும் முழு நிமிஷம் எண்ணியே ஆக வேண்டும்.

மூச்சு விஷயத்தில் உங்கள் சீனியர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் 12, 16, 20, 24 ஆகியவைதான் கிடைக்கும்; 18, 22 என்ற விடையே வராது. ஐந்து மூச்சு என்றால் 20, ஆறு என்றால் 24. ஒரே ஒரு மூச்சில் 'நன்றாக இருக்கிறார்' என்பது 'கவனிக்க வேண்டியவர்' ஆகிவிடுகிறது, அல்லது அப்படியே தலைகீழாகிறது. நோயாளி மோசமாகப் போகிறார் என்பதை முதலில் காட்டுவது பல நேரம் மூச்சின் வேகம்தான். அதற்குக் குறைந்தது 30 வினாடி கொடுங்கள். மூச்சு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, கைக்குழந்தை என்றாலோ முழு நிமிஷம். பச்சைக் குழந்தைகள் வேகமாக மூச்சுவிட்டு, சில வினாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். பாதி நிமிஷக் கணக்கு ஏமாற்றிவிடும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிஷத்துக்கு 50ம், அதற்கு மேல் ஐந்து வயது வரை 40ம் எட்டினால் வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அழும் குழந்தையிடம் எண்ணாதீர்கள், அடங்கட்டும்.

அப்புறம், 'மூச்சை எண்ணப் போகிறேன்' என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவர் மூச்சின் போக்கே மாறும். நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டை விடாமல், அவர் கையை மெதுவாக அவர் வயிற்றின்மேல் மடக்கி வையுங்கள். நாடிதான் பார்க்கிறீர்கள் என்று அவர் நினைத்திருப்பார்; வயிறு எழுந்து தாழ்வது உங்கள் கைக்கே தெரியும், கண் வாட்சில் இருக்கலாம். வண்டி குலுங்கும் ரோட்டிலும் இது கைகொடுக்கும்.

ஆள் நினைவில்லாமல் கிடந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். கழுத்து நாடியையும் மூச்சையும் 10 வினாடிக்கு மேற்படாமல் பாருங்கள். நாடி நிச்சயமாகத் தெரியவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் உடனே நெஞ்சழுத்தம் (நெஞ்சின் நடுவில் கைகளால் அழுத்தி அழுத்தி விடுவது) தொடங்குங்கள்.

எண்ணி முடித்த கையோடு எழுதிவிடுங்கள்: மணி எத்தனை, எண் எத்தனை, துடிப்பு சீரா இல்லையா, எத்தனை வினாடி எண்ணினீர்கள். இரண்டாம் முறை எண்ணும்போதும் அதே வினாடிக் கணக்கை வைத்துக்கொண்டால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.