இரண்டு ‘கா’

வணக்கம் சார். ஏற்காடு அடிவாரத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறேன். பாக்கெட்டுக்கு, கையால் எழுதியது போல ஓரமெல்லாம் பிசிறடித்த ஓர் எழுத்துருவை டிடிபி சென்டரில் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. என் மனைவி, ‘அச்சு கோளாறு மாதிரி இருக்கிறது’ என்கிறாள். படம் இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் சொன்னதுதான் சரி. அதற்காக எழுத்துருவைத் தூக்கிப் போட வேண்டாம்.

‘ஏற்காடு காப்பித் தூள்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு ‘கா’. இரண்டிலும் காலின் அடியில், அதே இடத்தில், அதே அளவில் ஒரு பிசிறு. ற், ப், த், ள் நான்கின் புள்ளிகளையும் பாருங்கள். நான்கும் இடது பக்கம் எலி கடித்தது போல ஒரே அச்சு. கையால் எழுதுகிறவருக்கு ஒரே பிசகை நான்கு தடவை அப்படியே செய்ய வராது. கண் இதைப் பிடித்துவிடும். காரணம் சொல்லத் தெரியாததால் அச்சின் மேல் பழி போடும். அதிலும் தமிழில் புள்ளியும் காலும் கொம்பும் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மெனக்கெட்டுச் செய்த எழுத்துருவில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வரைந்து, அவை மாறி மாறி வரும்படி ஓப்பன்டைப் என்ற எழுத்துரு நுட்பத்தில் ஏற்பாடு செய்திருப்பார்கள். உங்களுடையதில் அது தெரியவில்லை. சரி, கோரல் டிரா என்ற வரையும் மென்பொருளில் எழுத்துகளை கர்வ் ஆக்கி, அதாவது இழுத்து மாற்றக்கூடிய வெறும் கோட்டு வடிவமாக்கி, இரண்டாவது ‘கா’வின் காலைக் கொஞ்சம் நீட்டி, புள்ளிகளை ஆளுக்கொரு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். டிடிபி தம்பி முணுமுணுப்பார். உங்கள் தூளிலேயே ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கடைப் பலகை எழுதும் பெயின்டர்களைச் சின்ன வயதில் மணிக்கணக்காக வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஓரம் பிசிறினால் உடனே துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுப்பார்கள். ஓரம் கத்தி போல வருவதுதான் அவர்களுக்குக் கௌரவம். அவர்கள் கை தெரிந்தது வேறு இடத்தில்: இடம் போதாமல் கடைசி எழுத்து ஒடுங்கும், ஒரு சுழி மட்டும் குண்டாகும். கையெழுத்து என்றாலே பிசிறுதான் என்று கம்ப்யூட்டர் எப்போது முடிவு செய்ததோ!

அப்புறம், பின்பக்கம். எடை, விலை, பேக் செய்த தேதி எல்லாம் அதே எழுத்துருவிலா? வேண்டவே வேண்டாம். என் தங்கை கல்யாணப் பத்திரிகையில் நான் செய்த கூத்து அது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அழகு. 8 பாயின்ட்டில் அச்சானதும் மை பரவி, பிசிறின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டது. 6 எது, 8 எது என்று தெரியவில்லை. 6 மணி முகூர்த்தத்துக்கு இரண்டு சித்தப்பாக்கள் தாலி கட்டி முடிந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். பின்பக்கத்துக்கு முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று சாதுவான ஒன்று போதும். இரண்டும் இலவசம்.

திருத்தியதை எனக்கு அனுப்பும் முன் வீட்டில் காட்டிவிடுங்கள்.