மனைவிக்கு முதல் கேமரா

கேள்வி: என் மனைவிக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். சின்னதாக ஒரு கேமரா வாங்கித் தரலாம் என்று ஆசை. எங்கே போனாலும் மொபைலில் படம் எடுத்துக்கொண்டே இருப்பார். இலையில் உட்கார்ந்த பூச்சி, ஜன்னலில் தூங்கும் பூனை, வீட்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடும் எங்கள் பிள்ளைகள்! கேமரா பற்றி எங்கள் இருவருக்குமே ஒன்றும் தெரியாது. கையில் இருப்பது ஒரு சுமாரான மொபைல் வாங்கும் பணம்தான். கடைக்காரர் இரண்டு லென்ஸோடு டிஎஸ்எல்ஆர் வாங்கச் சொல்கிறார். இணையத்தில் அதில் பாதி விலைக்கு 64 மெகாபிக்சல் கேமரா கிடைக்கிறது. எதை வாங்குவது? சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய் அசத்தலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றுகிற பெரிய கேமரா, நல்லதுதான். ஆனால் சாதாரண லென்ஸைப் பொருத்தினாலே அறுநூறு, எழுநூறு கிராம் வந்துவிடும். இரண்டாவது லென்ஸுக்குத் தனிப் பை. என்னிடம் படம் எடுக்கப் பழக வருகிற பலருக்கு அப்படி ஒரு பை வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வகுப்புக்கு மொபைலோடுதான் வருகிறார்கள். பூச்சியையும் பூனையையும் கண்ட இடத்தில் எடுக்கிறவருக்குக் கைப்பையிலேயே கிடக்கிற கேமராதான் சரி.

அந்த 64 மெகாபிக்சல் பக்கம் போகவே போகாதீர்கள். பெயர் தெரியாத கம்பெனிகள் இந்த விலையில் விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது ஒரு சின்னஞ்சிறு சென்சார் (லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு). அது தருகிற படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கி அந்த எண்ணைக் காட்டுகிறார்கள். சின்னத் துணியை இழுத்துப் போர்வையாக்குகிற வேலைதான். விளம்பரத்தில் '16 மடங்கு டிஜிட்டல் ஜூம்' (எடுத்த படத்தையே இழுத்துப் பெரிதாக்குவது) என்று இருந்து, லென்ஸே நகர்ந்து நெருக்கிக் காட்டும் ஆப்டிகல் ஜூம் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அங்கேயே மூடிவிடுங்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? முதலில் அவருடைய மொபைலில் இருக்கிற படங்களைப் பாருங்கள், அவரைக் கேட்டுவிட்டுத்தான். நன்றாக வந்ததை விடுங்கள், கெட்டுப்போனவை எவை? இலையும் பூச்சியும் பகல் வெளிச்சத்தில் மொபைலிலேயே அருமையாக வரும். அதற்கென்று கேமரா வாங்கினால் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்து போவார். மாலையில் வீட்டுக்குள் ஓடுகிற பிள்ளைகள் கலங்கலாக வந்திருப்பார்கள், தூரத்துப் பூனையை இழுத்து எடுத்தது மெழுகுப் பொம்மை மாதிரி ஆகியிருக்கும். நீங்கள் பணம் போட வேண்டியது அந்த இரண்டுக்கும்தான்.

இதைச் சரிசெய்யப் பெரிய சென்சாரும், வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும் லென்ஸும் வேண்டும். மலிவான காம்பேக்ட்களில், அதாவது சின்னக் கேமராக்களில், இருக்கும் சென்சார் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மி.மீ. 'ஒரு அங்குல' சென்சார் என்று விற்பது 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பில் நாலு மடங்கு. மெகாபிக்சலை மறந்துவிட்டு இதைக் கேளுங்கள். அப்புறம் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் 1:1.8 அல்லது 1.8 என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் அதிகம்.

உங்கள் பணத்துக்கு இந்த ரகம் புதிதாகக் கிடைக்காது. பழையது வாங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. என் முதல் தேர்வு 2016இல் வந்த கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2. 319 கிராம், தொடுதிரை, திரையை மேலே தூக்கித் தன்னையே எடுத்துக்கொள்ளலாம். மொபைலில் பழகிய விரலுக்கு இது உடனே கைவந்துவிடும். அது எட்டவில்லை என்றால் 2012இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100. 240 கிராம்தான், படம் இன்றைக்கும் கண்ணுக்கு நிறைவு. ஆனால் தொடுதிரை கிடையாது, திரை அசையாது, வைஃபையும் இல்லை. படத்தை மொபைலுக்கு மாற்ற ஒரு கார்டு ரீடர் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். எடுத்த படத்தை அன்றைக்கே அனுப்ப முடியாத கேமராவை யாரும் இரண்டாம் வாரம் தொடுவதில்லை. ரிகோ ஜிஆர் பற்றி யாராவது உருகி உருகிப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்காதீர்கள். அருமையான கருவிதான், ஆனால் ஜூம் இல்லை, பூனை தூரத்திலேயே நின்றுவிடும்.

விலையைக் கேட்டுத் திகைக்காதீர்கள். 2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே. கம்பெனிகள் சின்னக் கேமரா செய்வதைக் குறைத்துக்கொண்ட நேரத்தில் இளைஞர்களுக்கு அதன்மேல் மறுபடி மோகம் வந்துவிட்டது. அதிலும் ஜி7 எக்ஸ் வரிசைக்கு ஏக கிராக்கி. விற்கிறவர் அநியாயமாகக் கேட்டால் பேசாமல் சோனி பக்கம் திரும்புங்கள்.

பழையதை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். நாலைந்து தடவை ஆன் செய்து அணையுங்கள். லென்ஸ் ஒரே சீராக வெளியே வர வேண்டும். மணல் அரைபடுகிற மாதிரி 'கர்ர்' என்று கேட்டாலோ பாதியில் திக்கினாலோ கிளம்பிவிடுங்கள். அதைப் பழுது பார்க்கிற செலவில் இன்னொன்று வாங்கலாம். மொபைல் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடியுங்கள். ஒன்றிரண்டு தூசி பரவாயில்லை, சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. அப்புறம் வெளிச்சம் நுழைகிற லென்ஸ் துளையை எஃப்11க்கு (துளையின் அளவைச் சொல்லும் எண்) சுருக்கி ஒரு வெள்ளைச் சுவரை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி மூலை முதல் மூலை வரை பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலான புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. மாற்று லென்ஸ் கேமராவில் ஊதித் தள்ளிவிடலாம், இதில் பிரித்தால்தான் உண்டு. பேட்டரி உப்பியிருக்கிறதா, ஃப்ளாஷ் அடிக்கிறதா, தொடுதிரையின் நாலு மூலையும் வேலை செய்கிறதா என்பதெல்லாம் அரை நிமிட வேலை.

பணம் முழுவதையும் கேமராவிலேயே போட்டுவிடாதீர்கள். இன்னொரு பேட்டரி, 32 ஜிபி கார்டு, மணிக்கட்டில் மாட்டும் வார் மூன்றுக்கும் ஒதுக்கி வையுங்கள். இந்தச் சின்னப் பேட்டரிகள் ஒரு நாள் சுற்றுலாவையே தாங்குவதில்லை.

பழையதே வேண்டாம் என்று வீட்டில் சொன்னால் கோடக் பிக்ஸ்ப்ரோ எஃப்இஸட்55 போல ஒன்று புதிதாக வாங்கலாம். 16 மெகாபிக்சல், 5 மடங்கு ஆப்டிகல் ஜூம். ஆனால் இருட்டில் அது மொபைலை ஜெயிக்காது. அதன் பலம் ஃப்ளாஷ்தான். மொபைலில் எரிவது வெறும் விளக்கு. இது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வெட்டி மறைவதால் ஓடுகிற பிள்ளையும் உறைந்து நிற்பான். முகம் கொஞ்சம் வெளுக்கும், இப்போது அதுவே நாகரிகமாம்!

பூச்சி விஷயத்தில் ஒன்று. நான் சொன்ன கேனான், சோனி இரண்டும் 5 செ.மீ. வரை கிட்டே போகும், ஆனால் ஜூமைச் சுத்தமாகப் பின்னால் இழுத்து வைத்தால் மட்டுமே. புதிதாகப் பழகுகிறவர்கள் முழுசாக ஜூம் செய்துவிட்டுப் பூச்சி மேல் போய் விழுவார்கள். கேமரா ஃபோகஸ் ஆகாமல் முனகும், கேமரா கெட்டுவிட்டது என்று உங்கள் மனைவி உங்களிடம் வருவார்.

ஆச்சரியம் வேண்டாம் என்பது என் கட்சி. கேமராவின் பிடி கைக்குக் கை மாறும். கட்டைவிரல் எட்டாத பொத்தான் தினமும் எரிச்சல் தரும். அவரையும் அழைத்துப் போய்க் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு தயவுசெய்து பாடம் நடத்தாதீர்கள். கேமரா தானே எல்லாம் பார்த்துக்கொள்ளும் 'ஆட்டோ' முறையில் விட்டுவிடுங்கள், சந்தேகம் வந்தால் அவரே கேட்பார். கேட்கும்போது சொல்லிக்கொடுக்க ஒன்றே ஒன்று போதும்: பிள்ளைகள் ஓடினால் ஷட்டர் வேகம் (படம் பதிய எடுக்கும் நேரம்) 1/250 நொடியைவிட மெதுவாகக் கூடாது.

கேள்வி: மாமனாரின் பழைய சின்னக் கேமரா ஒன்று கிடைத்தது. புதிதாக வாங்கிய 64 ஜிபி கார்டைப் போட்டால் 'கார்டு பிழை' என்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், கேமரா நன்றாகத்தான் இருக்கும். 64 ஜிபி கார்டு எஸ்டிஎக்ஸ்சி வகை, பழைய கேமராக்களுக்கு அது புரியாது. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த எஸ்டிஹெச்சி கார்டு போட்டுப் பாருங்கள். அதையும் ஏற்கவில்லை என்றால் அது இன்னும் மூத்த தலைமுறை, 2 ஜிபி சாதாரண எஸ்டி கார்டுதான் அதற்கு ஒத்துவரும். பழைய கடைகளில் தேடினால் கிடைக்கும். எந்தக் கார்டானாலும் கணினியில் வேண்டாம், அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.