இனிப்பு உருண்டையில் புரதம் எவ்வளவு?

வாசகியின் கேள்வி: எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. மாலைப் பசிக்கு பிஸ்கட்டைத் தேடக்கூடாது என்பதற்காக 200 கிராம் பேரீச்சம்பழம், 100 கிராம் ஓட்ஸ், 50 கிராம் பாதாம், 50 கிராம் தேன் ஆகியவற்றை அரைத்து, 20 உருண்டைகளாகப் பிடித்து வைக்கிறேன். புரதம் நிறைந்த இனிப்பு என்று நம்பித்தான் இதைச் செய்கிறேன். அந்த நம்பிக்கை சரியா? ஒருமுறை புரதப் பொடி சேர்த்தபோது கலவை கையில் ஒட்டிக்கொண்டது. இரண்டு மூன்று நாளில் கடிக்க முடியாத அளவுக்கு இறுகியும் போனது. இதற்கு என்ன காரணம்? என் 3 வயது மகளுக்கும் இதைக் கொடுக்கலாமா? எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அளவுகளைத் துல்லியமாக எழுதியிருப்பதால் கணக்கிட்டே பதில் சொல்ல முடிகிறது. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் உள்ள புரதம் ஏறக்குறைய 2 கிராம்தான். தேனில் அதுவும் இல்லை. உங்கள் கலவையின் எடையில் பாதிக்கு மேல் இவ்விரண்டும்தான் என்றாலும், இவை சேர்ந்து தரும் புரதம் 4 கிராமைத் தாண்டாது. ஓட்ஸிலிருந்து சுமார் 13 கிராமும் பாதாமிலிருந்து சுமார் 10 கிராமும் கிடைக்கின்றன. மொத்தம் 27 கிராம் என்று வைத்துக்கொண்டு 20 உருண்டைகளுக்குப் பங்கிட்டால், ஒன்றில் ஒன்றரை கிராமுக்கும் குறைவான புரதமும் ஏறக்குறைய 70 கலோரியும் இருக்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதைப் பெறுவதற்கு நீங்கள் நான்கு உருண்டைகளுக்கு மேல் சாப்பிட வேண்டும். நார்ச்சத்தும் நல்ல கொழுப்பும் உள்ள இந்த உருண்டை பெரும்பாலான பிஸ்கட்டுகளைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அது பழ இனிப்புதானே தவிர, புரதம் நிறைந்த தின்பண்டம் ஆகாது.

'புரதம் நிறைந்தது' என்று சொல்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஓர் உணவு தரும் மொத்த ஆற்றலில் குறைந்தது 20 சதவீதம் புரதத்திலிருந்து வந்தால்தான் அதன் உறையில் அப்படி அச்சிட முடியும். இந்தக் கணக்கை வீட்டிலேயே எளிதாகப் போடலாம்: ஒரு கிராம் புரதம் 4 கலோரி தருகிறது, ஆகவே புரதத்தின் அளவை நான்கால் பெருக்கி, கிடைப்பது மொத்தக் கலோரியில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் போதும். உங்கள் கலவையில் இது 8 சதவீதம் வருகிறது. பலருக்கு வியப்பளிக்கும் செய்தி என்னவென்றால், வேர்க்கடலையை மட்டுமே அரைத்து உருட்டினாலும் 20 சதவீதத்தை எட்ட முடியாது. 100 கிராம் வேர்க்கடலையில் 26 கிராம் புரதம் இருந்தாலும், கொழுப்பு மிகுதியால் அதன் ஆற்றல் 570 கலோரியை நெருங்குவதால், புரதத்தின் பங்கு 18 சதவீத அளவிலேயே நின்றுவிடுகிறது. பாதாமில் அது 15 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. வேர்க்கடலையும் பாதாமும் சுவைக்கும் பிணைப்புக்கும் மிக நல்லவை. ஆனால் புரதத்தின் முழுச் சுமையையும் அவற்றின் மேல் ஏற்றக்கூடாது.

அந்தச் சுமையைத் தாங்கக்கூடியவை கொழுப்பு நீக்கிய பால் பவுடர், பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே (whey) புரதப் பொடி, வறுத்த சோயா மாவு, பூசணி விதை போன்றவை. இவற்றுள் நான் முதலில் பரிந்துரைப்பது கொழுப்பு நீக்கிய பால் பவுடரைத்தான். 100 கிராமில் சுமார் 36 கிராம் புரதம் இருப்பதோடு, அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாலின் இயல்பான சர்க்கரை என்பதால் இனிப்பும் ஓரளவு கிடைத்துவிடுகிறது; புரதப் பொடிகளில் சில நேரம் தட்டுப்படும் செயற்கை மணமும் இதில் இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சோயா மாவு கைகொடுக்கும். ஆனால் பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால், வறுத்து அரைத்த மாவையே பயன்படுத்த வேண்டும். விலங்குகளின் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்னும் புரதப் பொடியை இதற்காக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமானக் கூறுகளில் ஒன்று) அதில் இல்லை.

இனி, நீங்கள் செய்து பார்க்க வேண்டிய அளவுகளைச் சொல்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 100 கிராம், விதை நீக்கிய பேரீச்சம்பழம் 80 கிராம், ஓட்ஸ் 40 கிராம், பூசணி விதை 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, தேவைக்கேற்ப இரண்டு மூன்று மேசைக்கரண்டி காய்ச்சி ஆறிய பால் ஆகியவை போதும். ஓட்ஸையும் பூசணி விதையையும் வெறும் வாணலியில் மணம் வரும் வரை தனித்தனியாக வறுத்து முழுமையாக ஆறவிடுங்கள். இந்தக் கலவையின் சுவை பெரும்பாலும் இந்த வறுவலிலிருந்துதான் வருகிறது என்பதால் இதில் அவசரப்பட வேண்டாம். வேர்க்கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தால் முதலில் தூளாகும், பிறகு கட்டி கட்டியாகத் திரளும், அதன் பின் எண்ணெய் விட்டுக் குழையும். குழையத் தொடங்கும் கட்டத்தில் பேரீச்சம்பழத்தைச் சேர்த்து ஒருமுறை ஓட்டி, அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, ஓட்ஸையும் விதையையும் பால் பவுடரையும் கையால் பிசையுங்கள். பாலை மட்டும் ஒவ்வொரு கரண்டியாக, கலவை கையில் திரளும் வரை சேர்த்தால் போதும். இதை 16 உருண்டைகளாகப் பிடித்தால் ஒன்றில் ஏறக்குறைய 5 கிராம் புரதமும் 90 கலோரியை ஒட்டிய ஆற்றலும் இருக்கும். புரதத்தின் பங்கு 20 சதவீதத்தைச் சற்றே தாண்டும். பால் பவுடரில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வே புரதப் பொடியைச் சேர்த்தால் அந்தப் பங்கு 25 சதவீதத்துக்கு மேல் போகும்.

உருண்டை இறுகியதற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் அன்று. புரதப் பொடி நீரை மெதுவாக உறிஞ்சும் இயல்புடையது. பிசைந்தவுடன் பொடி முழுமையாக நனைந்திருக்காது என்பதால் பேரீச்சம்பழத்தின் ஈரமும் தேனும் வெளியே நின்று கையில் ஒட்டுகின்றன; அடுத்தடுத்த நாள்களில் அதே ஈரத்தைப் பொடி தனக்குள் இழுத்துக்கொள்ள, உருண்டை வறண்டு இறுகுகிறது. எனவே ஒட்டுகிறதே என்று மேலும் பொடியைத் தூவுவதுதான் இதில் செய்யக்கூடாத செயல். பிசைந்த கலவையை மூடி, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, அதன் பிறகு தொட்டுப் பாருங்கள். ஒட்டல் பெரும்பாலும் நீங்கியிருக்கும், பால் போதவில்லை என்றால் அதுவும் அப்போது தெரிந்துவிடும். பொடியைச் சேர்ப்பதற்கு முன் கலவையில் அரைத்த வேர்க்கடலையின் எண்ணெய்ப்பசை இருப்பது நல்லது, ஏனென்றால் அந்தக் கொழுப்பு பொடியின் மேல் படிந்து ஈரம் உள்ளே போவதைத் தாமதப்படுத்துகிறது. சூடான தேனிலோ பாகிலோ வே புரதத்தைக் கொட்டினால் அது கட்டிபட்டுவிடும். சூடு தணிந்த பிறகே கலக்க வேண்டும். தேங்காய் எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்த உருண்டைகள் குளிரில் கல்லாகத்தான் இருக்கும். சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும்.

சுடாமல் செய்தால் புரதம் அழியாமல் இருக்கும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. சாதாரண அளவில் சுடுவதால் புரதம் வீணாவதில்லை. அதன் வடிவம் மாறினாலும் உடல் அதைச் செரித்துக்கொள்ளும். சர்க்கரையுடன் சேர்த்துக் கடுமையாகச் சூடாக்கும்போது மட்டும் லைசின் என்னும் அமினோ அமிலம் ஓரளவு குறையும். சுடாத தின்பண்டத்தின் உண்மையான வசதி, எளிமையும் நேர மிச்சமும்தான். மறுபுறம், சுடாமல் செய்வதற்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு: கிருமிகளைக் கொல்லும் சூடு இங்கே கிடையாது. பச்சைக் கோதுமை மாவில் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் அதை இத்தகைய கலவையில் சேர்க்கவே கூடாது. பச்சை முட்டைக்கும் இதே விதிதான். வேர்க்கடலை வாங்கும்போது சுருங்கியவற்றையும் நிறம் மாறியவற்றையும் பூஞ்சை வாடை அடிப்பவற்றையும் ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நச்சு வறுத்தாலும் முழுமையாக நீங்காது.

இனிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேன் இயற்கையானது என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று கருத வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தேனையும் பாகையும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே வகையில்தான் சேர்க்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இவை அனைத்தும் சேர்ந்து 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் அது கூறுகிறது. நான் சொன்ன அளவில் தேனே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் முறை இனிப்புக் குறைவாகத் தோன்றினால் தேனைத் தேடாமல், பட்டைத்தூளையோ வெனிலாவையோ சேர்த்துப் பாருங்கள்; மணம் கூடும்போது இனிப்பும் கூடியதுபோலவே நாக்கு உணரும்.

வீட்டிலிருக்கும் நாள்களில் உருண்டைதான் வேண்டும் என்பதில்லை. கொழுப்பு நீக்கிய பாலில் உறைய வைத்த தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்தால் கிடைக்கும் கெட்டித் தயிரில், 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் புரதம் உண்டு. கலோரியோ 60ஐ ஒட்டியே இருக்கிறது. அதில் ஒரு கரண்டி கோகோ பொடியும் மசித்த வாழைப்பழமும் கலந்து குளிர வைத்தால் போதும். புரதத்தின் பங்கை மட்டும் பார்த்தால் எந்த உருண்டையும் இதற்கு ஈடாகாது.

உங்கள் மகளைப் பற்றிய கேள்விக்குத் தெளிவாகவே பதில் சொல்கிறேன். 3 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவையான புரதம் சுமார் 13 கிராம்தான். பெரிய குவளைப் பால் ஒன்றிலேயே 8 கிராம் கிடைத்துவிடும். ஆகவே புரதப் பொடி சேர்த்த எதுவும் அவளுக்குத் தேவையில்லை. பால் பவுடர் உருண்டையைக் கொடுக்கலாம், ஆனால் வேர்க்கடலையும் விதைகளும் நன்றாக அரைபட்டிருக்க வேண்டும். முழுக் கொட்டைகளும் பெரிய துண்டுகளும் 5 வயது வரை தொண்டையில் சிக்கும் ஆபத்து உடையவை. ஒட்டும் தன்மையுள்ள உருண்டையை முழுதாகக் கையில் கொடுக்காமல், சிறு துண்டுகளாகப் பிய்த்து, உட்கார வைத்துக் கொடுங்கள். வேர்க்கடலை, பால், சோயா ஆகியவற்றில் எதற்கேனும் ஒவ்வாமை இருந்தால் அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால், தேன் சேர்த்த எதையும் அதன் வாயில் வைக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் கடுமையான நச்சு நோயை உண்டாக்கும். பெரியவர்களுக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் என்ற கணக்கில், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதுமானது. மாலையில் இரண்டு உருண்டைகள் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தந்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

பால் சேர்த்துப் பிசைந்த உருண்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அதிகமாகச் செய்துவிட்டால், ஒரு தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி உறைநிலைப் பகுதியில் வைத்து, இறுகிய பிறகு டப்பாவுக்கு மாற்றினால் இரண்டு மாதம் வரை கெடாது. வேண்டிய எண்ணிக்கையை மட்டும் முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தால் மறுநாள் மாலைக்குள் பதமாகிவிடும்.