மனச்சோர்வு கேள்வி பதில்: மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

மதுரை வாசகர்: மூன்று நாளாக எதிலும் மனசு ஒட்டவில்லை. டிப்ரஷனா?

மூன்று நாளை வைத்துச் சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருக்க வேண்டும். அல்லது பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, களைப்பு, கவனக்குறைவு, குற்றவுணர்வு, மந்தம், சாகும் எண்ணம் என்று மொத்தம் குறைந்தது ஐந்து அறிகுறி சேர்ந்தால்தான் நோய். அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, காலையில் மோசமாகவும் சாயங்காலம் சற்றுத் தேவலையாகவும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஈரோடு வாசகி: அம்மாவுக்கு 62 வயது. உடம்பெல்லாம் வலி, அசதி. ஸ்கேன் எல்லாம் நார்மல்.

மனச்சோர்வு நம்மூரில் பல சமயம் வலியாகத்தான் டாக்டரிடம் வருகிறது. முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை பாருங்கள். மனநல மாத்திரை ஆரம்பித்தால், சில வாரத்தில் சோடியமும் (ரத்தத்தில் உள்ள உப்பு). பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கட்டாயம். உப்பு இறங்கினால் தள்ளாட்டமும் குழப்பமும் வரும்.

சேலம் வாசகர்: மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் மாத்திரை 10 மி.கி. எட்டு நாளாகப் போடுகிறேன். குமட்டல்தான் மிச்சம். நிறுத்திவிடலாமா?

வேண்டாம். பக்கவிளைவு முதல் வாரமே வந்துவிடும். பலன் இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் தலைகாட்டும். இந்த இடைவெளியில்தான் பலர் ஓடிவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், தூக்கம் கெட்டால் காலை வேளைக்கு மாற்றுங்கள். முழுக்கக் குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். நிறுத்துவது டாக்டர் சொல்லி, படிப்படியாக. சட்டென்று விட்டால் தலைசுற்றும், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி இருக்கும்.

நெல்லை வாசகர்: விட்டால் ஷாக் அடிக்கும் என்றால் அது அடிமைத்தனம்தானே? நடைப்பயிற்சி போதும்.

இல்லை. அடிமையானவர் அந்தப் பொருளுக்கு ஏங்குவார், அளவைக் கூட்டிக்கொண்டே போவார். இதில் இரண்டும் கிடையாது. சண்டைதான் போடவேண்டுமென்றால் அல்பிரசோலம் என்கிற பதற்ற மாத்திரையோடு போடுங்கள்: தூக்கத்துக்கென்று பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குகிறார்களே, அது பழக்கமாகும். லேசான சோர்வுக்கு நடையும், மனநல நிபுணரிடம் மனம்விட்டுப் பேசும் சிகிச்சையும் நன்றாகவே உதவும். குளிக்கவே எழ முடியாதவரிடம் போய் 'நடங்க சார்' என்றால் எப்படி?

அதே வாசகர்: பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை போட்டபின் தூங்காமல் ஊர் சுற்றி, கடன் வாங்கித் தள்ளினார்!

இது நியாயமான கேள்வி. அது இருதுருவ நோயாக (பைபோலார்: ஒரு சமயம் சோர்வு, ஒரு சமயம் மிதமிஞ்சிய துள்ளல்) இருக்கலாம். அதில் இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்ப்பக்கம் எகிறிவிடலாம். முன்பு எப்போதாவது நாலைந்து நாள் தூக்கமே தேவைப்படாமல் துள்ளலோடு திரிந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

திருச்சி வாசகர்: ஒரு மாதமாச்சு, நல்லாயிருக்கேன். நிறுத்தலாமா?

சேலத்துக்காரருக்கான பதில்.

கடலூர் வாசகி: இரண்டு மாதமாச்சு...

அம்மா, சேலம்!

பெயர் வேண்டாம்: தம்பிக்கு 19 வயது. மாத்திரை தொடங்கி ஒரு வாரம். 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி' என்கிறான்.

இன்றே அவனுடைய டாக்டரைக் கூப்பிடுங்கள். 25 வயதுக்குக் கீழே, முதல் சில வாரம் இந்த எண்ணம் கூடக்கூடும். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் எண்ணம் முளைக்காது. தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறான் என்றால் போனுக்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.